லாரியின் பெயர் அப்பா

என் மகள் முதன்முதலாக ‘அப்பா’ என்று சொன்னது ஒரு லாரியைப் பார்த்து. அது என் லாரிகூட இல்லை. ஆந்திராப் பதிவெண் போட்ட ஏதோ ஒரு சிமெண்ட் வண்டி. நான் அப்போது வீட்டுக்குள்தான் இருந்தேன். வாசலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. வலது கால் முழுக்க மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தேன்.

குழந்தையின் மேல் தப்பு ஒன்றுமில்லை. எங்கள் வீடு அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. கதவைத் திறந்தால் ரோடு. இந்த வரிசையில் நாலைந்து வீட்டு ஆண்களுக்கு லாரிதான் பிழைப்பு. லோடு ஏற்றிய வண்டியை வீட்டு வாசலில் நிறுத்த முதலாளிகள் விடமாட்டார்கள். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றினால் அது அழுகுவதற்குள் கேரளாவில் இறங்க வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வீட்டைத் தாண்டும்போது ஹார்ன் அடிப்போம். ஆளுக்கு ஒரு அடி. என்னுடையது நீளமாக ஒன்று, பிறகு குட்டையாக இரண்டு. பெண்கள் குழம்பைக் கிளறிக்கொண்டே இது உன் வூட்டுக்காரர், இது என் வூட்டுக்காரர் என்று பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

என் அடி கேட்டதும் என் மனைவி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவருவாள். அப்பா பாரு, அப்பா போறாரு, டாட்டா சொல்லு என்பாள். நான் மேலிருந்து கையை ஆட்டுவேன். அந்த உயரத்தில், அந்த வேகத்தில் கீழே நிற்பவர்களுக்கு என் கை தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். குழந்தைக்குத் தெரிந்தது ஒரு சத்தம், ஒரு பெரிய மஞ்சள் முகம், பின்னால் எழும்பும் தூசி. அதற்குப் பெயர் அப்பா என்று அவள் எடுத்துக்கொண்டாள். சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் நான் வீட்டுக்கு வருவேன். வந்தாலும் தூங்குவேன். தூங்குகிற ஆளுக்குக் குழந்தை எந்தப் பெயரும் வைக்கவில்லை.

விபத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. மலைப்பக்கமாக ஒடித்தேன். முதலில் வந்தவர்கள் என்னை வெளியே இழுத்தார்கள். அடுத்து வந்தவர்கள் தக்காளியைப் பொறுக்கினார்கள். இரண்டும் நியாயம்தான். கொஞ்சம் முன்னால்தான் என் வீட்டைத் தாண்டி ஹார்ன் அடித்திருந்தேன். தொடையில் ஒரு எலும்பும் முழங்காலுக்குக் கீழே இரண்டும் போயிருந்தன. கம்பி வைத்து, கட்டுப் போட்டு, ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

என்னைத் தூக்கிவந்து கட்டிலில் போட்டதும் என் மகள் பார்த்தாள். அப்போது அவளுக்குப் பத்து மாதம் ஆகியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் உதடு பிதுங்கியது. பிறகு மூச்சு நின்றுவிடுமோ என்கிற மாதிரி அழுதாள். அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நடுவில் ஒருமுறை திரும்பி நான் இன்னும் இருக்கிறேனா என்று பார்த்து, இருக்கிறேன் என்று தெரிந்ததும் மறுபடி அழுதாள்.

என் மனைவிக்கு அதில் சந்தோஷம். அவள் அங்கன்வாடியில் டீச்சர். குழந்தைகள் எப்படி வளர்கின்றன என்று பயிற்சி கொடுப்பதற்காக டீச்சர்களை அப்போது தர்மபுரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே கேட்டதெல்லாம் அவள் தலையில் சூடாக இருந்தது.

“இந்த வயசுல புது ஆளப் பாத்தா அழணுங்க. அழுதாத்தான் புள்ள நல்லா வளருதுன்னு அர்த்தம்” என்றாள்.

“நான் புது ஆளா?”

“பின்ன?”



நான் ஒன்பதாவது பாதியில் நின்றவன். அதற்குப் பிறகு என்னை ஓரிடத்தில் உட்காரவைக்க யாராலும் முடிந்ததில்லை. தொப்பூரில் ஓட்டலில் தட்டுக் கழுவினேன். ஓசூரில் கம்பெனி வேலை. அங்கிருந்து ஒரு மரத்தூள் வண்டியில் ஏறி நாக்பூர்வரை போய், கிளீனராகத் திரும்பி வந்தேன். படுத்துக்கொண்டு ஒரே கூரையைப் பார்ப்பது எனக்கு அந்தக் கால் வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது. மனைவிக்கோ அது வசதி. அடுத்த வகுப்பில் கேள்வி கேட்பார்கள் என்பதால் படித்ததை யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும். ஓட முடியாத ஆள் ஒருவன் கிடைத்திருக்கிறான்.

குழந்தையின் மண்டைக்குள் டப்பாக்கள் மாதிரி இருக்கின்றன என்றாள் அவள். புதிதாக ஒன்றைப் பார்த்தால் குழந்தை அதை ஏற்கெனவே இருக்கிற டப்பாவில் போடும். நாலு கால் இருந்தால் எல்லாம் நாய். அதில் அடங்காத ஒன்று வரும்போது தவிக்கும். தவித்துத் தவித்து டப்பாவையே மாற்றிக்கொள்ளும். அப்படித்தான் அறிவு வளர்கிறது, உள்ளே யாரும் எதையும் ஊற்றுவதில்லை என்று சொன்னார்களாம்.

நான் கேட்டுக்கொண்டிருந்தபோதே வெளியே தண்ணீர் டிராக்டர் ஒன்று போனது. மகள் தவழ்ந்து வாசலுக்குப் போய் “ப்பா” என்றாள். அதற்குப் பின்னால் ஒரு ஜேசிபி. அதற்கும் “ப்பா”.

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “உங்க பொண்ணுக்கு ரோடு பூராவும் அப்பனுங்க” என்றாள்.

நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. முதலாளி போனில் சொல்லியிருந்தார்: கட்டுப் பிரித்ததும் வா, வேறு வண்டி இருக்கிறது. போகாமல் முடியாது. நான் பிறகு போகவும் செய்தேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். போவதற்குள் ஒரே ஒருமுறை, என் முகத்தைப் பார்த்து அவள் அப்பா என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் மறுபடி ஏறி உட்கார்ந்ததும் பழையபடி ஒரு சத்தம் ஆகிவிடுவேன். அதைத் தவிர அந்த மாதங்களில் வேறு எதையும் நான் விரும்பியதாக ஞாபகம் இல்லை.

கட்டிலில் கிடப்பதால் ஒன்றும் ஆகாது என்று தோன்றியது. மனைவியும் பக்கத்து வீட்டு அக்காவும் பிடித்துக்கொள்ள, பாயில் இறங்கினேன். அங்கன்வாடி முடிந்து மனைவி குழந்தையோடு வந்தபின் இருட்டும்வரை பாய்தான். தரையிலிருந்து பார்த்தால் எங்கள் வீடு வேறு வீடாக இருந்தது. அடுப்பு மேடை மலை மாதிரி. வாசற்படி ஒரு கரை. இந்த உயரத்தில்தான் என் மகள் வாழ்கிறாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. முதலில் அவள் எனக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ஒரு நாள், என் கால் விரல்கள் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைத் தொட ஆசைப்பட்டாள். கையை நீட்டினாள். நீட்டியபடியே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா சிரித்தாள். அதன் பிறகுதான் தொட்டாள். இதைப் பற்றியும் மனைவி படித்திருந்தாள்: தனக்குத் தெரியாததைக் குழந்தை அம்மாவின் முகத்தில் படித்துக்கொள்ளுமாம். ஆபத்தா, இல்லையா என்பதை. ஒரு வார்த்தை பேசத் தெரியாத உயிர் இன்னொருவர் முகத்தை வைத்து உலகத்தை எடைபோடுகிறது. தொப்பூர் இறக்கத்தில் முன்வண்டியின் பின்விளக்கைப் பார்த்து வளைவைத் தெரிந்துகொள்ள எனக்கு எத்தனையோ வருடம் பிடித்தது.

பிறகு ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்தாள் மனைவி. ஒரு எவர்சில்வர் மூடியைக் குழந்தை பார்க்கும்போதே துண்டால் மூட வேண்டும். சின்னக் குழந்தை என்றால் அத்தோடு முடிந்தது. தேடாது. கண்ணுக்குத் தெரியாதது அதற்கு இந்த உலகத்திலேயே இல்லை. சில மாதம் போனபின் அதே குழந்தை துண்டை விலக்கி எடுக்கும். நான் மூடினேன். என் மகள் துண்டை இழுத்தாள், மூடியை எடுத்தாள், வாயில் வைத்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்க்காதபோதும் பொருள்கள் அங்கேயே இருந்துகொண்டிருக்கின்றன என்பதை ஒரு மனிதப்பிறவி தானாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. நானும் எப்போதோ, யார் மடியிலோ, அதைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

அடுத்தது இன்னும் விசித்திரம். இரண்டு துண்டுகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. மூடியைச் சிவப்புத் துண்டுக்குக் கீழே வைத்தேன். எடுத்தாள். மறுபடி அங்கேயே வைத்தேன். எடுத்தாள். இப்படிச் சிலமுறை ஆனபின், அவள் கண்முன்னால், மெதுவாக, பச்சைத் துண்டுக்குக் கீழே வைத்தேன். அவள் நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிவப்பை விலக்கினாள். அங்கே இல்லை என்றதும் வெறும் தரையைத் தடவினாள்.

கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி செய்தேன். மறுபடியும் சிவப்பு. பிள்ளைக்கு ஏதாவது குறையோ என்று பயந்துவிட்டேன். மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கை துடைத்துக்கொண்டு வந்து பார்த்து, எல்லா நாட்டுக் குழந்தைகளும் இந்த வயதில் இப்படித்தான் செய்யும் என்றாள். வெளிநாட்டில் ஒருவர் தன் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, இதைப் பார்த்து எழுதிவைத்தாராம். பொருள் ஒரு இடத்தில் கிடைத்தால், அது அந்த இடத்தோடு சேர்ந்த பொருள் என்றே குழந்தை நினைக்கிறது என்று அவர் சொன்னாராம். பின்னால் வந்தவர்கள், அப்படியில்லை, குழந்தைக்குத் தெரிகிறது, ஆனால் கை பழகிய இடத்துக்குப் போகிறது என்று வாதாடினார்களாம். இரண்டில் எது சரி என்று கேட்டேன். அது அவர்களுக்குள்ளேயே தீரவில்லை என்றாள்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஹார்ன் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. என் அடி. என் வண்டியைச் சரிசெய்து இன்னொருவனிடம் கொடுத்திருந்தார்கள். என்னோடு சேர்ந்து கிளீனராக இருந்தவன். எங்களில் ஒருவன் படுத்துவிட்டால், அந்த வண்டியை ஓட்டுகிறவன் படுத்தவன் வீட்டைத் தாண்டும்போது படுத்தவனுடைய அடியையே அடிப்பான். உன் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, கவலைப்படாதே என்று அதற்குப் பொருள். மரியாதைக்காகச் செய்வது.

மகள் மூடியைப் போட்டுவிட்டு வாசலுக்குத் தவழ்ந்தாள். “ப்பா, ப்பா.”

நான் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? அவளுக்கு அப்பா கிடைத்த இடம் அந்த ரோடு. பிறகு அவள் கண்முன்னாலேயே அப்பாவை ஆட்டோவில் கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்தார்கள். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, முன்பு கிடைத்த இடத்திலேயே தேடுகிறாள். நான் பச்சைத் துண்டுக்குக் கீழே இருக்கிறேன்.

எனக்கு என் பத்து வயது ஞாபகம் வந்தது. என் அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தாள். பண்டிகைக்குப் பண்டிகை வருவாள். இதே ரோட்டில்தான் பஸ் நிற்கும். ஒரு தடவை அவளைச் சாரத்திலிருந்து விழுந்தவளாகக் கொண்டுவந்தார்கள். நான் முகத்தைப் பார்த்தேன். சுடுகாடுவரை போனேன். எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அடுத்த தீபாவளிக்கு நான் போய் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பொங்கலுக்கும் நின்றேன். அழவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன். பெரியவர்கள் பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இப்போதுதான் தெரிந்தது, மனிதன் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறான். தலைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரிய நேரமாகிறது.

மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள், வளர்ச்சி என்றால் குழந்தையோடு நிற்பதில்லை என்று சொன்னார்கள் என்றாள். உயரம் நின்றபிறகும் மனிதன் சாகும்வரை வளர்கிறானாம். ஒவ்வொரு வயதிலும் ஒரு கேள்வி எதிரே வந்து நிற்குமாம். முதல் வருடத்தின் கேள்வி, இந்த உலகத்தை நம்பலாமா என்பது. நாற்பதை ஒட்டிய வயதில், எனக்குப் பின்னால் நிற்கும்படி எதையாவது வளர்த்துவிடுகிறேனா, இல்லை இங்கேயே தேங்கிப்போகிறேனா என்பது.

“நான் எங்க தேங்கினேன்? ஓடிக்கிட்டேதான கெடக்கறேன்” என்றேன்.

“செக்குமாடுந்தாங்க ஓடுது.”

எனக்கு அந்த முதல் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பதினாறு வயதில், முகம் தெரியாத ஆள் ஒருவனுடைய வண்டியில் ஏறி, அவன் தோளில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். பாஷை தெரியாத ஊரில் யாரோ கொடுத்த ரொட்டியைச் சந்தேகமில்லாமல் தின்றிருக்கிறேன். அது தைரியம் என்று நினைத்திருந்தேன். அப்படியானால் என் முதல் வருடத்தில் எனக்கு யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். நம்பலாம் என்று. அந்த வருடத்தில் ஒரு நிமிஷம்கூட என் ஞாபகத்தில் இல்லை. அம்மா அழுத குழந்தையைத் தூக்கினாளா, பால் கொடுத்தாளா, என்ன பாடினாள், கேட்க ஆளில்லை. ஆனால் ஞாபகத்தில் இல்லாத அந்த வருடத்தின் மேல்தான் நாக்பூர்வரை போய்வந்திருக்கிறேன். அஸ்திவாரம் யார் கண்ணுக்கும் தெரியாது. வீடு மட்டும் நிற்கும்.

அப்புறம் நாள் போனது. மாவுக்கட்டை அவள் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகினாள். வழவழப்பான சுவரைவிடச் சொரசொரப்பான என் கால் அவளுக்குத் தோதாக இருந்தது. நான் கக்கத்தில் ஊன்றுகோல் வைத்து நிற்கப் பழகியதும், அவள் கையை விட்டு நிற்கப் பழகியதும் ஒரே சமயம். இருவரும் விழுந்தோம். அவள் விழுந்தால் ஒன்றும் ஆவதில்லை. நான் விழுந்தால் தெருவே வந்தது. அவளுக்கு என்னைப் பிடித்துப்போயிருந்தது என்பதில் சந்தேகமில்லை. பிஸ்கட்டை என் வாயில் திணிப்பாள். ஆனால் எனக்குப் பெயர் இல்லை. “ஆ” என்பாள், அவ்வளவுதான். அந்தப் பெயர் இன்னும் ரோட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கட்டுப் பிரிக்கும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம். மனைவி அங்கன்வாடியிலிருந்து வந்து அரிவாள்மணையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஊன்றுகோல் மூலையில் சாத்தியிருந்தது. மகள் மூடியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஹார்ன் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

எழுந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு நடந்தாள். நிலைக்கதவைப் பிடித்து நின்று கையைத் தூக்கினாள். வழக்கமாக வாய் முந்திக்கொள்ளும். அன்றைக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தூக்கிய கை அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மனைவி கையில் அவரைக்காயோடு, பேசாதீர்கள் என்று தலையை அசைத்தாள்.

இரண்டு வயதுகூட ஆகாத ஒரு முகத்தில் யோசனை ஓடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மலை உச்சியில் மேகம் நகர்வதுபோல இருந்தது. சத்தம் எதுவும் இல்லை. ஆனால் ஏதோ பெரிய ஒன்று இடம் மாறிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்தாள். என்னிடம் வரவில்லை. மூலைக்குப் போய் ஊன்றுகோலைப் பிடித்து இழுத்தாள். அது தடாலென்று விழுந்தது. பயப்படவில்லை. தன்னைவிட உயரமான அந்தக் கட்டையை ஒரு முனையில் பிடித்து, தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். என் மடியில் அதைப் போட்டாள். என் முகத்தைப் பார்த்தாள்.

“ப்பா” என்றாள்.

பிறகு ரோட்டைக் காட்டி, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். “டாட்டா.”

மனைவிதான் முதலில் பேசினாள். “டப்பா மாறிடுச்சுங்க” என்றாள்.

நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. கூடவே அவள் என்னை வழியனுப்பவும் செய்கிறாள். அந்தச் சத்தம் வண்டியுடையது, வண்டி இந்த ஆளுடையது, சத்தம் கேட்டால் இந்த ஆள் போக வேண்டும், போக இவருக்குக் கட்டை வேண்டும். யாரும் சேர்த்துக் கொடுக்காத இத்தனையையும் அவளே சேர்த்திருக்கிறாள். சேர்த்ததில் பிழை ஒன்றும் இல்லை. அவள் பார்த்தவரையில் அப்பா என்றால் போகிறவர்.

ஊன்றி எழுந்தேன். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். இரண்டு பேர் நடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வாசற்படிக்கு வந்தபோது வண்டி போய்விட்டிருந்தது. தூசிகூட அடங்கிவிட்டது. எதிர்ப்பக்கம் ஒரு டவுன் பஸ் மட்டும் நின்று கிளம்பியது.

அவள் வெறும் ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கையை ஆட்டி மறுபடியும் டாட்டா சொன்னாள். நான் போவதற்காகக் காத்திருந்தாள். நான் நின்றேன். இன்னொருமுறை ஆட்டினாள். நான் அங்கேயே நின்றேன்.

அப்போது அவள் முகத்தில் வந்தது எனக்குத் தெரிந்த முகம்தான். சில நாள் முன்பு, முதன்முறையாகச் சிவப்பை விட்டுவிட்டு நேராகப் பச்சைத் துண்டை விலக்கியபோது, கீழே மூடி இருப்பதைப் பார்த்து வந்த முகம்.

என் மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். சேலம் பக்கமாக ஒரு டேங்கர் லாரி வந்தது, பெரிதாக ஹார்ன் அடித்துக்கொண்டு. அதற்கு ஒரு கையால் டாட்டா காட்டினாள். இன்னொரு கையை என் காலிலிருந்து எடுக்கவில்லை.